உறவில்லாதவர்க்கும் ஒரு கை நீர்

ரவாங் இளைஞர்களுக்குக் காஞ்சிங் அருவி புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைன்னா சோறு கட்டிக்கிட்டுக் குடும்பத்தோட கிளம்பிடுவோம். பக்கத்திலேயே டெம்ப்ளர் பூங்கா. 1952 முதல் 1954 வரை மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த சர் ஜெரால்ட் டெம்ப்ளரின் பெயர் அது. இதே ரவாங் வட்டாரத்தில், வாட்டர்ஃபால் தோட்டத்தருகே, 1949 மார்ச் மாதம் பிடிபட்டவர் எஸ்.ஏ. கணபதி. இவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, சிறு வயதில் இங்கு வந்தவர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். தொழிலாளியின் கூலிக்கும் மானத்துக்கும் குரல் கொடுத்தார். துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு. அவசரகாலச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. போலீஸில் ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன் என்று வாதாடினார். எடுபடவில்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

"அவர் கம்யூனிஸ்டு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். ஒருவருடைய கொள்கை முழுவதையும் ஏற்றால்தான் நன்றி சொல்ல வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. தர்ப்பணத்தின் முடிவில், தாய், தந்தை, உற்றார் என்று யாருமே இல்லாதவர்களுக்கும் நீர் விடுகிறோம். கடன் ரத்த உறவோடு முடிவதில்லை என்று நம் சமயம் அங்கேதான் சொல்லித் தருகிறது.

ஆனால் நீர் விட்டால் மட்டும் போதுமா? வேலையிடத்தில் பக்கத்தில் நிற்பவனின் சம்பளத்தை அநியாயமாகப் பிடிக்கும்போது, "நமக்கேன் வம்பு"ன்னு ஒதுங்கிவிட்டு, மே 4 அன்று விளக்கேற்றினால் அது நினைவாகாது. வாயைத் திறந்து நியாயம் கேட்கணும், தம்பி தங்கைகளே. அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுதான்.