எத்தனை போகம்?

அப்பாவைக் கல்முனைக்குக் கிளினிக் கூட்டிப் போகும் நாளெல்லாம் அம்மா அங்கே பயிற்சி தரும் பிள்ளையிடம் கேட்பது ஒன்றைத்தான்: "எப்ப மகள் இவருக்குச் சரிவரும்?"

வீரமுனையில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் போகக் கணக்குத்தான். சிறுபோக வெட்டு நேரம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பெரும்போக விதைப்புக்குள் எழும்பிவிடுவார் என்று அம்மா நம்பினா. கால் எழும்பத்தான் செய்தது, பொல்லை ஊன்றி வளவைச் சுற்றி வந்தார். கை அப்படியே கிடந்தது.

பாரிசவாதத்தில் இரத்தம் கிடைக்காமல் செத்த மூளைப் பகுதி திரும்ப முளைப்பதில்லை. சுற்றியிருக்கும் வீக்கம் வடிந்து, மயங்கிக் கிடந்த பகுதிகள் விழிப்பதால் முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு, உயிரோடு இருக்கும் பகுதிகள் செத்ததன் வேலையைப் பழக வேண்டும். ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்தால்தான் அது படியும். 6 மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று பயிற்சியை விட்டுவிடுகிற வீடுகளைப் பார்க்க எனக்கு மனம் பதறும். மெதுவாகிவிட்டதே தவிர, நின்றுவிடவில்லை.

மீள எடுக்கும் காலம் ஆளுக்கு ஆள் வேறு. கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1984 ஒக்டோபரில் நோயில் விழுந்தார். சிறுநீரகம் பழுதாகி, பாரிசவாதமும் தாக்கியது. நியூயோர்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்று, 1985 பெப்ரவரியில் சென்னை திரும்பி, அதே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்றார். பேச்சு மட்டும் 1987 டிசம்பரில் இறக்கும்வரை பழையபடி தெளியவில்லை. அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜில் போல்ட் டெய்லருக்கு 1996 டிசம்பரில் மூளைக்குள் இரத்தம் கசிந்தது. பேச்சும் வாசிப்பும் போய், மீண்டு வர 8 வருடம் பிடித்தது. ஒரே உடம்பிலும் காலுக்கு ஒரு காலம், கைக்கு ஒரு காலம், நாக்குக்கு ஒரு காலம்.

அம்மாவின் கேள்விக்கு அந்தப் பிள்ளை திகதி சொல்லவில்லை. "நீங்க ஊட்டி விடாதீங்கம்மா. அந்தக் கைக்கு வேல குடுங்க" என்றா. அம்மாவுக்கு அது பெரிய கஷ்டம். நாற்பது வருடம் பரிமாறிய கை, சோறு சிந்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அன்பாலேயே அவர் கையை நாங்கள் முடக்கி வைத்திருந்தோம் என்பது எனக்கும் அன்றுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பின்னேரங்களில் சுளகில் பயறு பரப்பி வைப்போம். வலக்கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேணிக்குள் போடுவார். முதல் கிழமை விரலுக்குள் ஒன்றும் நிற்கவில்லை. கோபத்தில் சுளகைத் தள்ளிவிட்டு அழுதார். அம்மா மறுபடியும் கூட்டி அள்ளி வைத்தா. ஒரு போகம் போய், இன்னொரு போகமும் போனது.

நேற்றுக் காலை அப்பா சாரனை உதறி, இரண்டு கையாலும் மடித்து, இடுப்பில் தானே செருகினார். ஒரு பக்கம் தாழ்ந்துதான் இருந்தது. அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கிட்டப் போய்ச் சரிசெய்யவில்லை.