யாருடைய சொல்?



வாய் பேச இயலாத பிள்ளைக்கு இன்று கைப்பேசியே நாவாகிறது. திரையிலுள்ள படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லை உரக்கச் சொல்லும். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்னும் செயலி இவ்வகையைச் சேர்ந்தது.

ஆனால் திரையில் எந்தச் சொற்களை வைப்பதென்று தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் பெற்றோரும் ஆசிரியருமன்றோ? ‘தண்ணீர்’, ‘சோறு’ என்று வைத்துவிட்டுத் திருப்தியடைகிறோம். ‘வேண்டாம்’, ‘வலிக்கிறது’, ‘ஏன்?’ என்பவை எங்கே? மறுக்க வழியில்லாத பிள்ளை நம் சொல்லையே திருப்பிச் சொல்லுகிறது. தீங்கு செய்தவனைச் சுட்டிக்காட்டவும் அதற்குச் சொல் வேண்டுமே!

“இது பிடிவாதத்தை வளர்க்கும்” என்பார் சிலர். பேசும் பிள்ளைகள் ‘வேண்டாம்’ என்பதில்லையா? அதைக் கேட்டபின்தானே நியாயம் எடுத்துச் சொல்லுகிறோம்?

பொறுமையும் வேண்டும். 1985-இல் குரலிழந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங், கணினியின் துணையால் பேசத் தொடங்கியபோது நிமிடத்திற்கு ஏறக்குறைய 15 சொற்களையே அமைக்க முடிந்தது. நாமோ நூற்றுக்கு மேல் பேசுகிறோம். பிள்ளையின் விரல் அடுத்த படத்தைத் தேடுகையில் நாமே வாக்கியத்தை முடித்துவிட்டால், அதன் பேச்சைப் பறித்தவர்களாவோம்.

ஆகவே, இன்றே ‘வேண்டாம்’ என்பதைத் திரையில் வையுங்கள். பிள்ளை அதைத் தொடும் நாளில், சினவாமல் செவிகொடுங்கள்.