வென்றவனுக்கு வைக்கும் எடை

கார்களைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஓட்டத் தெரியாது. பாங்கிக்குப் போவதும் வருவதும் டவுன் பஸ்ஸில். ஆனாலும் இரண்டு மாதமாக ஒரு காரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் வீட்டில் பார்க்க நேர்ந்த பழைய ஒளிப்பதிவுதான் காரணம். 1992 அக்டோபர் 4ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் என்ற ஊரின் மலைச்சாலையில் நடந்த ஆயிரம் கிலோமீட்டர் பந்தயம். முடிந்தபின் வென்ற இருவரும் பரிசு மேடை ஏறுகிறார்கள். கீழே கூட்டம் கை தட்டவில்லை, ஊளையிடுகிறது. இருவரில் மூத்தவரான ஜிம் ரிச்சர்ட்ஸ், தான் வாயடைத்துப் போய்விட்டதாகவும் இது வெட்கக்கேடு என்றும் சொல்லி, அச்சில் போட முடியாத ஒரு வார்த்தையால் அந்த ஜனத்திரளை மொத்தமாகத் திட்டி முடிக்கிறார்.

ஏமாற்றி வென்றவனை வெறுப்பதில் புதிர் ஒன்றுமில்லை. இவர் ஏமாற்றவில்லை. திரும்பத் திரும்ப வென்றார், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வெல்வது எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

கொஞ்சம் விவரம் சொல்லாமல் முடியாது. டூரிங் கார் பந்தயம் என்பது அதற்கென்றே பிறந்த வண்டிகளின் போட்டி அல்ல. கடையில் விற்கும் கார், கிட்டத்தட்ட அதே உருவத்தில், களத்தில் இறங்க வேண்டும். அந்த நாளைய 'குரூப் ஏ' விதிப்படி ஒரு ரகத்தில் 5000 வண்டிகள் செய்திருந்தால்தான் அது பந்தயத்துக்கு வர முடியும். அதையே கூர்தீட்டிய வடிவமொன்று வேண்டுமென்றால் மேற்கொண்டு 500 செய்ய வேண்டும். நிஸ்ஸான் 1989இல் கொண்டுவந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் இந்த விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுச் செய்யப்பட்ட வண்டி. அதன் என்ஜின் 2568 சி.சி. இந்த எண் விசித்திரமாகப் படலாம். டர்போ வைத்த என்ஜினின் கொள்ளளவை விதி 1.7ஆல் பெருக்கியே கணக்கில் எடுக்கும். பெருக்கினால் ஏறக்குறைய 4366 வருகிறது. 4500க்கு உட்பட்ட வகுப்பில் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. வண்டி இவ்வளவு எடைக்குக் குறையக் கூடாது, டயர் இவ்வளவு அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் இந்த வகுப்பைப் பொறுத்தது. கூர்தீட்டிய வடிவத்தில் 560 வண்டிகள் செய்தார்கள்: 500 விதிக்கு, 60 பந்தயத்துக்கு. தளை தட்டாமல் சொல் பொறுக்கும் வெண்பாக்காரனின் வேலை இது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. திறமை என்று ஒன்று சுயம்புவாக எங்கோ இருக்கிறது, விதி வெளியிலிருந்து வந்து அதைத் தடுக்கிறது என்று பேசுவது நம்மிடையே வழக்கம். இந்தக் காரின் திறமை விதிக்கு உள்ளேயே கருக்கொண்டது. விதி இல்லையென்றால் 2568 என்ற எண்ணே இல்லை. ஆகவே பின்னால் விதி இதற்கு எதிராகத் திரும்பியபோது, இயற்கையான மேன்மைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று புலம்ப அதற்கு முழு உரிமை கிடையாது. ஓரளவு உண்டு. அந்த ஓரளவு எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

ஜப்பானில் 1990 முதல் 1993 வரை நான்கு பருவங்கள் ஓடியது. 29 பந்தயம், 29 வெற்றி. எண்ணைக் கேட்டதும் மூச்சு நிற்கிறது. ஆனால் நடந்தது என்ன? வெல்ல வேண்டுமானால் இந்த வண்டிதான் வேண்டும் என்று தெரிந்ததும், முதல் வகுப்பில் போட்டியிட நினைத்தவர்கள் எல்லோரும் இதையே எடுத்துக்கொண்டார்கள். சீக்கிரத்திலேயே அந்த வகுப்பில் ஜிடி-ஆரை எதிர்க்க ஜிடி-ஆர் மட்டும்தான். பிஎம்டபிள்யூ எம்3க்கள் தங்கள் வகுப்பில் தங்களுக்குள் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. கடைசிப் பந்தயங்களில் வெற்றி என்ற சொல்லுக்குக் காரைப் பொறுத்தவரை அர்த்தமே இல்லை. ஹோஷினோ வென்றார், ஹசேமி வென்றார் என்று மனிதர்களைத்தான் சொல்ல முடியும். எதிரி தீர்ந்துபோன இடத்தில் வெற்றியும் தீர்ந்துவிடுகிறது. அங்கே யாரும் ஊளையிட்டதாக நான் படிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. வண்டி அங்கே வந்து சேரும் முன்பே, 1989இல் ஒரு கார் பத்திரிகை அதற்கு 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்துவிட்டது. ஜப்பானிய சினிமாவில் 1954இல் கடலிலிருந்து எழுந்து நகரங்களை மிதித்த பூதம். வேடிக்கைப் பெயர்தான். ஆனால் ஒன்றைப் பூதம் என்று அழைத்துவிட்டால் அதற்கு நியாயம் செய்ய வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடுகிறது. 1990 பருவத்தின் நடுவில் களம் இறங்கியது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ரிச்சர்ட்ஸ் தேசிய சாம்பியன். 1992இல் அவருடைய இளைய கூட்டாளி மார்க் ஸ்கைஃப். 1991 பாதர்ஸ்ட் பந்தயத்தை இருவரும் சேர்ந்து வென்ற நேரம் ஆறு மணி பத்தொன்பது நிமிஷத்துச் சொச்சம். 2010 வரை அந்த ரிகார்டை யாரும் தொடவில்லை. தொட்ட அணியிலும் ஸ்கைஃப் இருந்தார்.

1992இல் எடை ஏற்றினார்கள். வண்டி முன்னைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். டர்போவின் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் திறந்து வெளியே விட்டுவிடும் வால்வு ஒன்றையும் மாட்டினார்கள். கனம் கூடினால் வேகம் குறைவது மட்டுமல்ல. மலை இறக்கத்தில் பிரேக் தேய்கிறது, டயர் தேய்கிறது, ஓட்டுகிறவன் தேய்கிறான். பாதர்ஸ்ட் சுற்று ஒன்றுக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 174 மீட்டர் வித்தியாசம். அப்படி 161 தடவை.

எடை ஏற்றும் யோசனை குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. என் பெரியப்பா கிண்டிக்குப் போகிறவர். குடும்பத்தில் இதைப் பேசமாட்டோம். சிறுவனாக இருந்தபோது எனக்கு அவர் விளக்கியிருக்கிறார்: நல்ல குதிரையின் சேணத்தில் ஈயத்தகடு வைப்பான், மட்டமான குதிரைக்கு வைக்க மாட்டான், எல்லாம் ஒண்ணா வந்து முட்டணும். ஏன் பெரியப்பா என்று கேட்டதற்கு, "இல்லேன்னா எவன்டா பணம் கட்டுவான்?" என்றார். அவரளவு நேர்மையாக இதைச் சொன்ன ஒருவரை நான் பின்னர் படித்ததில்லை. பின்தங்கிய குதிரைக்கு நீதி வழங்குவதற்காக ஈயம் வைக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவனுக்கு முடிவு தெரியாமல் இருக்க வேண்டும், அதற்காக வைத்தது.

இந்த இடத்தில் சிலருக்கு இடஒதுக்கீடு ஞாபகம் வரும். வந்தால் தவறில்லை, ஆனால் ஒப்புமை நொண்டுகிறது. அங்கே பிரச்னை, தலைமுறை தலைமுறையாக ஒருவனை மைதானத்துக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தது. அது நீதியின் கணக்கு. எடை ஏற்றுவது சுவாரஸ்யத்தின் கணக்கு. இரண்டையும் குழப்புவது சௌகரியம் கருதித்தான். இதற்குச் சரியான ஒப்புமை வேண்டுமென்றால் எங்கள் கேஷ் கவுன்டருக்கு வாருங்கள். வேகமாக எண்ணுகிறவன் முன்னால்தான் நீள வரிசை சேரும். மெதுவாக எண்ணுகிறவன் வீட்டுக்கு நேரத்தோடு போய்விடுவான்.

அந்த 1992 பந்தயத்துக்கு வருகிறேன். எடையையும் வால்வையும் சுமந்துகொண்டே ஜிடி-ஆர் முன்னணியில் இருக்கிறது. முடிய இன்னும் சில சுற்றுகளே இருக்கையில் மலைமேல் மழை கொட்டுகிறது. வழவழப்பான டயர்களோடு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிச் சுவரில் மோதுகின்றன. ரிச்சர்ட்ஸின் வண்டியும் மோதி முன்பக்கம் சிதைகிறது. சிதைந்த வண்டியை எப்படியாவது கொண்டுசேர்க்கப் பார்க்கிறார்; முடியாமல், ஏற்கெனவே நொறுங்கி நிற்கும் கார்களின் நடுவே போய்ச் செருகிக்கொள்கிறார். டிக் ஜான்சன் தன் ஃபோர்டு சியராவில் முழுசாக வந்து சேருகிறார். சிவப்புக் கொடி. பந்தயம் நிறுத்தப்படுகிறது. கூட்டத்துக்குக் கண்ணெதிரே உண்மை இருக்கிறது: ஒன்று ஓடுகிறது, ஒன்று உடைந்து கிடக்கிறது. ஆனால் விதி என்ன சொல்கிறது? பந்தயம் பாதியில் நின்றால், நிறுத்துவதற்கு முன் முடிந்த சுற்றின் நிலவரமே முடிவு. அந்தச் சுற்றில் முன்னால் இருந்தது நிஸ்ஸான்.

உடைந்த கார் வென்றது. மேடைக்குக் கீழே ஊளை.

கூட்டத்தின் கோபத்தில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். கண் பார்த்ததைக் காகிதம் மறுக்கும்போது எவனுக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலை உரித்துப் பார்த்தால் உள்ளே வேறொன்று இருக்கிறது. அவர்கள் கொண்டாடிய சியராவும் டர்போ வண்டிதான். அதுவும் கூர்தீட்டிய 500 வண்டி விதியில் வந்ததுதான். அதை ஓட்டி ஜான்சன் 1988, 1989 இரண்டு வருஷமும் சாம்பியன் ஆனார். அப்போது அது பூதமாகவில்லை. அந்நிய வண்டி என்பதா? சியரா ஆஸ்திரேலியக் கடைகளில் விற்கப்பட்டதே இல்லை. ஜிடி-ஆரை நிஸ்ஸான் அங்கே சிறு எண்ணிக்கையிலாவது விற்றது. ரிச்சர்ட்ஸ் பிடிக்காத ஆளா? 1978, 79, 80 மூன்று வருஷமும் பீட்டர் பிராக்கோடு ஹோல்டன் ஓட்டி இதே மலையில் வென்றவர் அவர். காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபின் எஞ்சுவது இதுதான்: இந்த வண்டி வென்றால் தங்களுக்கு அதில் பங்கு இல்லை என்று அவர்கள் உணர்ந்தார்கள். எடை ஏற்றச் சொன்ன விதி அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. சுற்றைப் பின்னோக்கி எண்ணச் சொன்ன விதி கொள்ளையாகப் பட்டது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருந்தவை.

மேடையில் ரிச்சர்ட்ஸ் சுமந்த இன்னொரு எடையைப் பற்றி அந்தக் கூட்டத்துக்கு அக்கறை இல்லை. அதே பந்தயத்தில், அவருடைய நியூஸிலாந்துக்காரரும் நண்பருமான டென்னி ஹ்யூம், 1967இன் உலக சாம்பியன், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து, தன் பிஎம்டபிள்யூவைச் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு இறந்துபோயிருந்தார். வயது 56. அந்தச் செய்தி தெரிந்தபின்தான் ரிச்சர்ட்ஸ் மேடை ஏறினார். அவர் திட்டியது வென்றவனின் ஆணவம் என்று அன்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை.

1993இல் ஆஸ்திரேலியாவின் விதி மாறியது. ஐந்து லிட்டர் வி8 என்ஜின் வைத்த ஹோல்டனும் ஃபோர்டும் முன்னணி, ஜிடி-ஆருக்கு இடமில்லை. இந்த ஒரு வண்டியை விரட்டவே மாற்றினார்கள் என்பது மிகை. குரூப் ஏ எங்கும் செலவு தாங்காமல் முடிந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். எடை ஏற்றுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. நீ பெரியவன், இதையும் தூக்கிக்கொண்டு ஓடு என்கிறது. வெளியே நிறுத்துவதில் அது இல்லை.

இத்தனையும் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் மூன்று வருஷம் முன்பு எழுதிய ஒரு மதிப்புரை ஞாபகம் வந்தது. நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கவிஞர், பெயர் வேண்டாம். முதல் மூன்று தொகுப்புகளை நாம் தூக்கிவைத்துப் பேசினோம். நான்காவது வந்தது. பத்திரிகையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். 'எதிர்பார்த்ததுதான்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதல் தொகுப்புக்காரன் ஒருவன் அதில் உள்ள ஏதாவது ஒரு கவிதையை எழுதியிருந்தால் நம்பிக்கை தருகிறான் என்று எழுதியிருப்பேன். அவர் எழுதியதால் தன்னையே திரும்பச் செய்கிறார் என்று எழுதியிருக்கிறேன். தொகுப்பை மறுபடி படித்தேன். நல்ல தொகுப்பு. மூன்றாவதைவிட நல்லது என்றுகூடச் சொல்லலாம். அன்று எனக்கு அவர் ஒரு தடவையாவது தடுக்கி விழ வேண்டியிருந்தது. நாங்கள் பேச ஒரு விஷயம் வேண்டியிருந்தது.

மதிப்புரை வந்த மாதமே புத்தகச் சந்தையில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக வழியில்லை. "உங்க மதிப்புரை படிச்சேன்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார். காசையும் அவரே கொடுத்தார்.