செய்ந்நன்றியும் கவர்ந்த பொருளும்: ‘பேபல்’ புதினத்தை முன்வைத்து

ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ (2022) புதினம் 1830களின் ஆக்ஸ்ஃபோர்டைக் களமாகக் கொண்டது. மொழிபெயர்க்கும்போது இரு சொற்களுக்கிடையே நழுவும் பொருளே அங்கு வெள்ளிக் கட்டிகளின் மாய ஆற்றலாகிறது. பேரரசு அதனால் வளர்கிறது. கான்டனில் காலராவுக்குத் தாயை இழந்து, வெள்ளியால் உயிர்பிழைத்து, இங்கிலாந்தில் வளர்க்கப்பட்டவன் ராபின். உணவும் கல்வியும் ஈந்த நிறுவனத்தை அவன் எதிர்ப்பது நன்றி கொல்லுதல் ஆகுமா என்பதே இங்கு எழும் வினா.

ஈவோன் தன் பொருளை ஈந்தவிடத்தே நன்றிக்கடன் தோன்றும். ராபின் பெற்றதோ, அவனுடையதும் அவனையொத்தோருடையதுமான மொழிகளிலிருந்து கவர்ந்த ஆற்றலின் ஒரு சிறு பங்கு. எனவே கடன்பட்டது நிறுவனமே எனலாம்.

ஆயினும் கடனின்மை அழிவுக்கு உரிமை தாராது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் இடிந்தபோது அதன்மேல் சென்றோர் எதையும் கவர்ந்தவரல்லர். ராபினின் சினத்தை முழுதும் ஏற்ற பின்னரும், அவர்களுக்குரிய விடை நம்மிடம் இல்லை.