பணியிடத்து ஒப்புரவு

ஊதியம் பெற்றுப் பணி செய்வோர், அப்பணிக்குப் புறம்பாக உடன்பணியாளர் கூடி நிகழ்த்தும் விழா, விருந்து, வழியனுப்புதல் முதலியவற்றிற் கலந்துகொள்ளுதல் கடப்பாடோ, அன்றோ என அன்பரொருவர் என்னை வினவினார். ‘எனக்கென விதித்த வேலையை முடித்துவிட்டேன், அதன்மேலும் என்னை அழைப்பது எற்றுக்கு?’ என்பது அவர் கருத்து.

அவர் கூற்றில் நியாயமில்லாமலில்லை. ஆயுத பூசைக்கென மேலதிகாரியே வசூற் பட்டியலொடு வந்து நிற்பாராயின், கீழ்ப்பணியாளர் கொடுப்பது அச்சத்தாற் கொடுப்பதேயாம். அதனைக் கொடையென்றல் பொருந்தாது. பணி நேரத்தைக் கொண்டாட்டத்திற் போக்குதலும் பிறர் பொருளைக் கவர்தலோடொக்கும். இவை கடியத்தக்கன.

ஆயினும், எழுதப்படாமையானே ஒன்று கடமையாகாதென்பது யாங்ஙனம்? திருவள்ளுவர் ஈகைக்கு முன்னர், 22-ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். அத்தலைப்பில் ‘அறிதல்’ என்னுஞ் சொல் வந்தமைக்குப் பரிமேலழகர் கூறிய காரணம் ஈண்டு நினைக்கற்பாலது. உலகநடை அறநூல்களால் விதிக்கப்பட்டு வருவதன்று. அவரவர் தாமே உணர்ந்து செய்தற்குரியது என்பது அவர் கருத்து. ஆகவே எழுதப்படாமை ஒப்புரவிற்குக் குறையன்று, இயல்பேயாம். விதித்து வாங்கின் அது வரியாய் முடியும். திருநீலகண்ட நாயனார் மட்கலம் வனைந்து விற்று வாழ்ந்தவர். அடியார்க்குத் திருவோட்டினை விலையின்றி அளித்தார். மண்ணும் திகிரியும் கையும் ஒன்றே. ஓடு கொடுக்குமாறு அவரைப் பணித்தவர் ஒருவருமிலர்.

இத்துணையும் கற்றிருந்தும் யான் செய்த பிழையொன்றை மறைத்தல் முறையன்று. 1998-ஆம் ஆண்டில், யான் தமிழாசிரியனாயிருந்த பள்ளியில் மணியடித்து வந்த கடைநிலைப் பணியாளர் ஓய்வு பெற்றார். ஆசிரியரெல்லாரும் மாலையிற் கூடிச் சிற்றுண்டி அளித்து அவரை வழியனுப்பினர். மடத்திற் பயின்ற நாள் முதல் புறத்தே உண்ணாத நியமமுடையேன் யான். அதனைச் சொல்லி வீடு திரும்பிவிட்டேன். உண்ணாமைதான் நியமம், அரை நாழிகை உடனிருத்தற்கு அது தடையன்றே! உண்மை யாதெனின், மணியடிப்பவர்க்கு எடுத்த விழாவிற் பண்டிதர் சென்று அமர்தல் வேண்டா என்னுஞ் செருக்கு நியமத்தைப் போர்வையாகக் கொண்டது. ஆணவம் திருநீறு பூசியும் வருமென்பதனை அன்று யான் உணர்ந்திலேன்.

மறுநாட் காலையில் அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தொடு என் வாயிலில் வந்து நின்றார். ‘ஐயா வெளியில் உண்ணமாட்டீர்களென்று எனக்குத் தெரியும். பழத்திற்குக் குற்றமில்லையே என்று கொண்டுவந்தேன்’ என்றார். என் நியமத்தை என்னினும் நன்கறிந்து போற்றியவர் அவரே. திண்ணையில் அவரை இருத்திப் பால் கொணர்ந்து கொடுத்தேன். முந்தைய மாலை யான் வாராமைக்குக் காரணம் அவர் கேட்கவில்லை. தம் பேரனுடைய படிப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேசியிருந்து விடைபெற்றுச் சென்றார்.