64 வயதில் கட்சி கண்டவர்

"நாற்பதைத் தாண்டியாச்சு, இனிமேல் என்னத்தைச் சாதிக்க?" என்று புலம்புகிறாயா? நிறுத்து! பிட்டி தியாகராயர் 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 64. நீதிக்கட்சி என்று நாடறிந்த இயக்கம் அதுதான்!

நெசவுத் தொழிலுக்குப் பேர்போன தேவாங்கர் மரபில் பிறந்தவர். மாநிலக் கல்லூரிப் பட்டதாரி. அந்தக் காலத்தில் அந்தப் பட்டத்தோடு அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம். அவர் தறிப்பக்கம் வந்தார். கைத்தறி, தோல், உப்பு என்று வணிகம் விரிந்தது. சீமைத் துணி சந்தையை அடைத்துக்கொண்டிருந்த நாளில், விசைநாடாத் தறிகளை நிறுவி நம் நெசவாளியின் கைக்கு வேகம் கொடுத்தார்.

பணம் சேர்ந்ததும் ஒதுங்கினாரா? 1882 தொடங்கி ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் உட்கார்ந்தார். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், பள்ளிக்கூடம்! கைதட்டலே கிடைக்காத வேலை இது. அவர் வாழ்வில் என்னை மிகவும் உலுக்குவது இந்த நாற்பது ஆண்டுகள்தான். நீயோ நான்கு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடுகிறாய்!

அதே மன்றத்தில் டாக்டர் டி.எம். நாயரோடு கடுமையாக மோதியவர் அவர். பிறகு டாக்டர் நடேசனாரின் முயற்சியால் அந்த நாயரோடு சேர்ந்தே கட்சி கண்டார். உன்னைச் சபையில் எதிர்த்தவனோடு பொதுக்காரியத்துக்காகக் கைகோப்பாயா? தன்மேல் நம்பிக்கை உள்ளவனுக்கே அந்தத் துணிவு வரும்.

1920 தேர்தலில் கட்சி வென்றது. ஆட்சியமைக்க ஆளுநர் வில்லிங்டன் அழைத்தார். மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி! வேண்டாம் என்றார் தியாகராயர். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார்.

தியாகராயர் என்ன செய்தார் தெரியுமா? அதே ஆண்டு, அவர் தலைமையில் இயங்கிய மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசியோடு வந்த ஏழைப் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு! அதை ஒரு மாநகராட்சியால் செய்ய முடிந்தது, நண்பா. கோட்டையில் இடம் கிடைத்த பிறகுதான் நல்லது செய்வேன் என்று இனியும் சொல்வாயா?

உன் ஊரில் அடுத்த கிராம சபை எப்போது? உன் வார்டுக் கூட்டம் என்றைக்கு? போ. முன்வரிசையில் உட்கார். குடிநீர்க் குழாயைப் பற்றிக் குரல் நடுங்கினாலும் எழுந்து கேள். பதில் வரவில்லையா, அடுத்த கூட்டத்துக்கும் போ!