காத்திருந்த நேரத்திற்குக் கூலி உண்டா?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில், வாழப்பாடிக்கருகே ஒரு கிரிக்கெட் திடல் உள்ளது. 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அத்திடலில், 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் சில நடைபெற்று வந்துள்ளன. ஆட்டமில்லா நாள்களில் புல்லுக்கு நீர் பாய்ச்சவும் ஆடுதளத்தைப் பேணவும் சிலர் இருந்தால் போதும். ஆட்டம் நடக்கும் மாலையிலோ, வாயிலில் சீட்டுப் பார்க்கவும், வண்டிகளை ஒழுங்குபடுத்தவும், தின்பண்டம் விற்கவும், கூட்டம் கலைந்தபின் குப்பையைப் பெருக்கி அள்ளவும் எத்தனையோ கைகள் வேண்டும். ஆடித் திருவிழாக் காலத்துச் சேலம் பொருட்காட்சிக்கும், முகூர்த்த நாளில் நம் திருமண மண்டபங்களுக்கும் இதே நிலைதான். சில நாள் வேலைக்காக ஆண்டு முழுவதும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எந்த நிர்வாகியிடமும் நாம் சொல்ல இயலாது. தேவை உண்மையானது. அதில் பாவம் ஏதுமில்லை.

இத்தகைய தேவையைப் பல இடங்களில் நிறைவு செய்பவர் மேஸ்திரி. தறி ஓடாத வீட்டுப் பெண்களையும், செலவுக்குக் காசு தேடும் கல்லூரி மாணவர்களையும் அவர் அறிவார். எட்டுப் பேர் வேண்டுமெனில் பத்துப் பேருக்குச் சொல்லி அனுப்புவார்; இருவர் வராமல் போவர் என்பது அவரது பட்டறிவு. பத்துப் பேரும் வந்து நின்றால் இருவரைத் திருப்பி அனுப்புவார். மழை பெய்து நிகழ்ச்சி நின்றுவிட்டால் எல்லாருமே திரும்புவர். பேருந்துக் கட்டணம் அவர்களுடையது. வேறு வேலைக்குப் போயிருக்கக்கூடிய அந்த நாளும் அவர்களுடையது. அவர்களுக்கு யாரேனும் கடன்பட்டிருக்கிறோமா?

குருமடத்தில் நாங்கள் பயின்ற பரிமாற்ற நீதியின் தராசில் வைத்தால், இல்லை என்றே விடை வரும். வேலை நடக்கவில்லை; ஆகவே கூலியும் இல்லை. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் ஒரு நல்ல பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு வந்தும் வேலை கொடுக்கப்படாத ஆலைத் தொழிலாளிக்குப் பாதி ஊதியம் தரவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் பதிலித் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் அது பொருந்தாது என்றும் அதே பிரிவு விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் அவ்விலக்கு தொடர்கிறது. எவருடைய வாழ்வு காத்திருப்பதிலேயே கழிகிறதோ, அவருடைய காத்திருப்புக்குத்தான் மதிப்பில்லை.

விளையாட்டு உலகம் இதை வேறுவிதமாகக் கணக்கிடுவது வியப்பு. இந்திய அணியில் ஆடாமல் வெளியே அமர்ந்திருக்கும் வீரருக்கும் ஆட்ட ஊதியத்தில் பாதி வழங்குவது வழக்கம். அவர் ஓடவில்லை, பந்து வீசவில்லை. ஆயினும் அழைத்தால் எழுந்து வர ஆயத்தமாக இருந்தாரே, அதுவே பணி. நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020இன் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகச் சென்றவர். அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் நாட்டுக்காக முதன்முறை களமிறங்கினார். ஆயத்தமாகக் காத்திருப்பவரின் அருமையை அன்று எல்லாரும் கண்டோம். அந்த அருமையைத் துடைப்பம் ஏந்தி வந்தவரிடம் காண மறுப்பது ஏன்?

திராட்சைத் தோட்ட உவமையைப் (மத்தேயு 20) பல ஆண்டுகள் நான் ஒரே முறையில்தான் விளக்கி வந்தேன்: கடைசி நேரத்தில் மனந்திரும்புவோருக்கும் விண்ணரசு உண்டு, இறைவனின் தாராளத்திற்கு எல்லையில்லை. விளக்கம் சரியே. ஆனால் பொழுது சாயும் நேரத்திலும் சந்தைவெளியில் நின்றவர்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோம்பேறி எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பான். அவர்கள் பெற்ற தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு வீட்டின் அன்றைய அடுப்பெரியும் தொகை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உரிமையாளருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். கூலி கொடுக்கும்போது வருகிறார். ஆள் தேடிச் சந்தைவெளிக்கு ஐந்து முறை போனவரோ உரிமையாளர்தாம். நம் காலத்தில் உரிமையாளர் அங்கு வருவதில்லை. மேஸ்திரி வருகிறார், திரும்பிப் போகிறவர்களின் முகத்தையும் அவரே பார்க்கிறார்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1981இல் உழைப்பைக் குறித்து வரைந்த சுற்றுமடலில், நேரடி வேலையளிப்பவருடன் மறைமுக வேலையளிப்பவர் என்றொருவரையும் சுட்டிக்காட்டினார். வேலையின் நிலைமைகளை முடிவு செய்யும் எல்லாருக்கும் பொறுப்பில் பங்குண்டு என்பது அவரது கருத்து. அதை வாசித்தபோது பெரிய ஆலைகளையும் அரசுகளையுமே நினைத்தேன். என் பங்குத் திருவிழாவை நினைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா விருந்தில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் பத்துப் பேரைக் கேட்டிருந்தோம். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது, கூட்டம் குறைந்தது. நான்கு பேர் தேவையில்லை என்று நானே சொன்னேன். அவர்களுள் சற்று வயதான ஒரு தாய், "சாமி, பஸ்சுக்கு மட்டுமாவது குடுங்க" என்றார். மேஸ்திரியைக் கேட்கும்படி கையைக் காட்டிவிட்டுத் தேர் மந்திரிக்கப் போய்விட்டேன். மேஸ்திரி அதற்குமுன்பே போய்விட்டதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த அம்மாள் நனைந்துகொண்டே நடந்தாரோ, யாரேனும் ஏற்றிச் சென்றனரோ, தெரியாது. கூலியாளுக்குரியதைப் பொழுது மறையுமுன் கொடுக்கவேண்டும் என்னும் இணைச்சட்டக் கட்டளையை அதற்கு முந்தின மாதந்தான் மறையுரையில் விளக்கியிருந்தேன்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கான பங்குப் பேரவைக் கூட்டத்தில், அழைத்துத் திருப்பி அனுப்புவோருக்குப் பாதிக் கூலியும் பேருந்துக் கட்டணமும் மேஸ்திரி வழியாக அன்றி நேரில் தரவேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் ஒப்பவில்லை. வேலை செய்தவர்களே முணுமுணுப்பார்கள் என்றார் ஒருவர். உவமையிலும் முணுமுணுத்தார்கள் என்றேன். சிலர் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. நன்கொடைப் பணத்தைச் செய்யாத வேலைக்குக் கொடுப்பது முறையா என்று அவர் கேட்டது நேர்மையான கேள்வியே. நெடுநேரம் பேசினோம். இறுதியில் பொருளாளர் கணக்கேட்டைத் திறந்து, இத்தொகையைத் தருமம் என்ற தலைப்பில் எழுதட்டுமா என்று வினவினார். கூலி என்றே எழுதச் சொன்னேன்.